ராணிக்குப் போட்ட சூடு

இது நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் நான் பாடத்தை விடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அவசரம் உள்ளவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம்.

மூன்று வாரம் முன்பு என் பழைய மாணவி ஒருத்தி ஒரு படம் அனுப்பினாள். கால்நடை மருத்துவம் படித்து, இப்போது வெளிநாட்டில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறாள். படத்தில் ஒரு பழுப்புக் குதிரை நிற்கிறது. முதுகு நெடுக மெல்லிய ஊசிகள். "ஐயா, இது குதிரைக்குச் செய்யும் அக்குபங்சர். நம்ம ஊரிலும் அந்தக் காலத்தில் இப்படி இருந்ததா?" என்று கேட்டிருந்தாள். நான் அதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போட்டது என் தப்பு. பத்தே நிமிடத்தில் பதில்கள் குவிந்துவிட்டன. போகர் சீனாவுக்குப் போய்க் கற்றுக்கொடுத்ததுதான் இது என்றார் ஒருவர். இதெல்லாம் நம்ம வர்மம்தானே என்றார் இன்னொருவர். சித்தப்பா மகன் மட்டும், "நம்ம பெரியப்பா ஜட்காக் குதிரைக்குச் சூடு போட்டு எழுப்பினாங்களே, அது மாதிரியா அண்ணா?" என்று கேட்டான்.

எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். நம் வீட்டுக் குதிரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பொத்தேரியில் இன்று ரயிலை விட்டு இறங்கினால் கல்லூரிக் கட்டடங்கள்தான் தெரிகின்றன. 1960வாக்கில் அங்கே ஏரி, வயல், பனைமரம், அவ்வளவுதான். ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு லாரி போனால் நாங்கள் ஓடிப் போய் வேடிக்கை பார்ப்போம். பெரியப்பாவின் ஜட்கா கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் வாசலில் நிற்கும். பிரதோஷம் வந்தால் சிங்கப்பெருமாள் கோயில் வரை சவாரி கிடைக்கும். குதிரையின் பெயர் ராணி. சென்னையில் யாரோ கழித்துவிட்டதைச் சுழி பார்த்து வாங்கி வந்தார். நெற்றியிலும் மார்பிலும் மயிர் எந்தப் பக்கம் சுழிக்கிறது என்று பார்ப்பதுதான் சுழி பார்ப்பது. கால் எப்படி, பல் எப்படி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பெரியம்மா கொள்ளு வேகவைக்கும் வாசனை இன்றைக்கும் எனக்கு நினைவில் இருக்கிறது. நாங்கள் திருடித் தின்றதும்தான்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஒருநாள் ராணி கொள்ளைத் தொடவில்லை. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது, தரையைக் காலால் பறித்தது, படுத்துப் புரண்டது, உடம்பெல்லாம் வியர்வை. பக்கத்து ஊர் வைத்தியரைக் கூட்டி வந்தார்கள். அவர் காதின் உட்புறம் கீறி இரத்தம் விட்டார். கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தொப்புளைச் சுற்றிக் கோடு இழுத்தார். பிறகு இஞ்சி, ஓமம், பெருங்காயம் போட்ட கஷாயத்தை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினார். ஒரு மணி நேரம் கழித்து ராணி காற்றைப் பிரித்து, சாணம் போட்டு, எழுந்து நின்றது. ஊரே கைதட்டியது. சித்தப்பா மகன் சொல்வது இந்தக் கதையைத்தான். அவன் அப்போது பிறக்கவே இல்லை. கேட்டு வளர்ந்த கதை. மீதிக் கதை அவனுக்குத் தெரியாது. பின்னால் சொல்கிறேன்.

இனி வரலாறு.

தமிழ்நாடு குதிரை வளர்ந்த நாடு அல்ல. குதிரை நமக்குக் கப்பலில் வந்த சரக்கு. பட்டினப்பாலை அதைச் சொல்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறைக்கு வெள்ளைக் குதிரைகள் வந்து இறங்குகின்றன. அந்த நீர்ப்பெயற்று நம்ம மாமல்லபுரம்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. கடற்கரைக் கோயில் பக்கம் மணலில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு குதிரை நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பாண்டியர் காலத்தில் இந்த வியாபாரம் மிகப் பெரிதாகிவிட்டது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, ஹோர்மூஸ், ஏடன் போன்ற துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் வருவதாக எழுதுகிறார். அரசன் ஒருவனே ஆண்டுக்கு 2000க்கு மேல் வாங்குவானாம். அவன் சகோதரர்களும் அப்படியே. ஆண்டு முடிவில் அத்தனையிலும் 100கூட மிஞ்சாது என்கிறார். ஏன்? லாடம் அடிக்கத் தெரிந்தவர் இல்லை, குதிரை வைத்தியர் இல்லை. வேகவைத்த சோற்றோடு இறைச்சியும் கலந்து கொடுக்கிறார்கள். இதைவிட ஒன்று சொல்கிறார், அதுதான் என்னை உலுக்கியது. குதிரை கொண்டுவரும் வியாபாரிகள் தங்கள் நாட்டு வைத்தியர்களை இங்கே வரவிடுவதில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்க முடியும்!

போலோ கொஞ்சம் கூட்டிச் சொல்பவர்தான். ஆனால் அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். ஆண்டுக்கு 1400 குதிரைகள் என்று ஒப்பந்தம், ஒரு குதிரை 220 தினார். வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானா பணம் கொடுத்துவிட வேண்டும். இங்கே வந்த குதிரைகளுக்கு வறுத்த தானியத்தில் நெய் கலந்து கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்தார்களாம். அன்பில் குறை இல்லை. நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்ன செய்வோமோ அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் குதிரை புல் தின்னப் பிறந்தது. மாவுச்சத்து அதிகமானால் அதன் பெருங்குடலில் புளித்துப் பொங்கிவிடும், குளம்புக்குள் வீக்கம் வரும், வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் குதிரை வைத்திய நூலே இந்த நாட்டில் இல்லையா என்றால், வண்டி வண்டியாக இருந்தது. சாலிஹோத்திரர் என்ற முனிவர் பெயரில் வழங்கும் சம்ஸ்கிருத நூல் பாரசீகத்துக்கும் போனது. அவர் பெயரிலிருந்துதான் வடக்கே குதிரை வைத்தியருக்கு 'சலோத்ரி' என்று பேர். ஆங்கிலேயரின் குதிரைப்படையிலும் இந்திய வைத்தியர்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பாண்டவரில் நகுலன் விராட நகரில் குதிரைக் கொட்டடியில் வேலை பார்த்த கதையை எட்டாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த நகுலன் பெயரிலும் அசுவ சாஸ்திரம் உண்டு. வண்ணப் படங்களோடு அதைத் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் 1952இல் அச்சிட்டது. சரபோஜி மன்னர் 1798 முதல் 1832 வரை ஆண்டவர். மனிதர், மிருகம் இரண்டுக்குமே மருந்து ஆராய்ந்தவர். அவர் கட்டிக்காத்த நூலகம் என்பதால் அங்கே யானைக்கும் குதிரைக்கும் சுவடி இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

அந்தச் சாஸ்திரங்களில் பாதி, பெரியப்பா பார்த்தாரே, அந்தச் சுழிக் கணக்குதான். வைத்தியம் என்று வரும்போது மூலிகை, நெய், உணவு மாற்றம். அதோடு நரம்பு கீறி இரத்தம் விடுவது, சூடு போடுவது. 'நல்ல மாட்டுக்கு ஒரு சூடு' என்று நாம் பழமொழியாகச் சொல்வது வெறும் உவமை இல்லை. சூடு அந்தக் காலத்தில் சிகிச்சை.

வர்மம் என்று கேட்டவருக்கு: வர்மம் மனித உடம்புக்கானது. ஆசான் கையால் அழுத்தியும் தடவியும் செய்வது, ஊசி கிடையாது. யானைப்பாகர்கள் அங்குசத்தால் தொடும் இடங்களுக்கு 'நிலா' என்று இலங்கையில் கணக்கு உண்டு. அது யானையை நடக்க, நிற்க, மண்டியிட வைக்கும் கணக்கு. சில அக்குபங்சர் நூல்களில் இதையே பிடித்துக்கொண்டு, இலங்கையில் 3000 வருடத்துக்கு முன்பே யானைக்கு அக்குபங்சர் செய்தார்கள் என்று எழுதிவிட்டார்கள். பாகனிடம் கேட்டிருந்தால் அவனே சிரித்திருப்பான்.

சரி, சீனாவுக்குப் போவோம். அங்கே குதிரை வைத்தியத்துக்குப் பெரிய மரபு இருப்பது உண்மை. பாய்லெ என்ற குதிரை நிபுணரை மூத்த குருவாகச் சொல்வார்கள், நமக்குச் சாலிஹோத்திரர் மாதிரி. 1608இல் யூ என்ற குடும்பத்து அண்ணன் தம்பி இருவர் எழுதிய குதிரை வைத்திய நூல் அங்கே புகழ்பெற்றது. குதிரை உடம்பில் எந்த எந்த இடத்தில் 'ஊசி' வைக்க வேண்டும் என்று படம் போட்டிருக்கும். இந்தப் படங்களைக் காட்டித்தான் 'ஆயிரமாயிரம் வருடத்து அக்குபங்சர்' என்கிறார்கள்.

ஆனால் அந்த 'ஊசி' எது? 2010இல் பால் புயல், டிமத்தி மே, டேவிட் ராமி என்ற மூவர் சீனக் குதிரை வைத்தியத்தையும் கிரேக்கக் குதிரை வைத்தியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். முதல் இருவர் வரலாற்று ஆய்வாளர்கள். ராமி குதிரை மருத்துவர். அவர்கள் சொல்வது, அந்த ஊசி பெரும்பாலும் இரத்தம் விடும் கத்தி, சூடு போடும் இரும்பு. கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்துப் படையில் இருந்த கிரேக்க வைத்தியர் அப்சிர்ட்டஸ் என்ன செய்தாரோ, ஏறக்குறைய அதையே சீன வைத்தியரும் செய்திருக்கிறார். நம்ம பக்கத்து ஊர் வைத்தியரும் அதைத்தான் செய்தார். இன்று அந்த மாணவி அனுப்பிய படத்தில் இருப்பது போல மெல்லிய ஊசியைக் குத்தி வைத்து, அதனால் 'சக்தி ஓட்டம்' சீராகிறது என்பது குதிரையைப் பொறுத்தவரை மிகப் புதியது.

எவ்வளவு புதியது? 1971இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங்கில் குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்டார். பிறகு வந்த வயிற்று வலிக்கு ஊசி வைத்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அடுத்த வருடம் நிக்சன் சீனா போனார். மேற்கு நாடுகளில் அக்குபங்சர் மோகம் பிறந்தது. 1974இல் கால்நடை அக்குபங்சருக்கென்று சர்வதேச சங்கமே வந்துவிட்டது. மனித உடம்பில் வரைந்திருந்த கோடுகளை எடுத்துக் குதிரை உடம்பில் பொருத்தினார்கள். மனிதனுக்குக் கையில் ஐந்து விரல், குதிரைக்கு ஒரே குளம்பு. விரல் நுனியில் முடியும் கோடுகளை எங்கே கொண்டுபோய் முடிப்பது? அதைவிட வேடிக்கை, அந்தப் படங்களில் 'பித்தப்பைக் கோடு' ஒன்று குதிரையின் உடம்பு நெடுக ஓடும். குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது!

இதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரன் வைத்தியம் உயர்ந்தது என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். குதிரையின் கால் நரம்பு சுளுக்கினால் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வரிசை வரிசையாகச் சூடு போடுவது இங்கிலாந்திலும் வழக்கம்தான், அதுவும் பட்டம் வாங்கிய டாக்டர்கள் கையால், நேற்று வரைக்கும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு உட்கார்ந்து சோதித்து, இதனால் ஒரு பயனும் இல்லை என்று அறிக்கை வெளியிட்டது 1983இல். அதற்குப் பிறகும் அங்கே எளிதில் விடவில்லை. சூடு போட்ட குதிரைக்கு மாதக்கணக்கில் ஓய்வு கொடுப்பார்கள். கால் குணமானது அந்த ஓய்வினால். பெயர் வாங்கிக்கொண்டது இரும்பு.

மெல்லிய ஊசிக்கும் சோதனைகள் நடந்திருக்கின்றன. ஃபுளோரிடாவில் குதிரையின் குடலுக்குள் பலூனை ஊதி வலி உண்டாக்கி, முதுகில் ஊசி வைத்துப் பார்த்தார்கள். 2002இல் வந்த முடிவு: பயன் இல்லை. அடுத்த வருடம் ஒஹையோவிலிருந்து வந்த இன்னொரு சோதனையில், ஊசி வழியாக மின்சாரம் செலுத்தியபோது வலி தாங்கும் அளவு கூடியது. ஆனால் வலி மருந்து அதைவிட நன்றாக வேலை செய்தது. 2006இல் எக்ஸெட்டரில் இருந்த ஆய்வாளர்கள் எல்லா மிருகங்களுக்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் செய்யலாம் என்றோ செய்யக்கூடாது என்றோ சொல்லுமளவுக்கு உறுதியான சான்று இல்லை என்று முடித்தார்கள். ஆக, கொஞ்சம் ஏதோ இருக்கலாம், பெரிதாக ஒன்றும் இல்லை. என் மதிப்பெண் இதுதான். நூற்றுக்கு முப்பத்தைந்து போட்டுத் தேற்றிவிட மாட்டேன்.

நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. பொத்தேரிக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சிப் பண்ணை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதை நடத்தும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் பணிபுரிந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி, மாட்டுக்கு மடிவீக்கம் வந்தால் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துத் தடவும் வழக்கத்தை எடுத்துக்கொண்டார். அளவு என்ன, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை நாள் என்று வரையறுத்தார். தேசிய பால்வள வாரியம் அதை நாடு முழுதும் கொண்டுபோனது. பாட்டி சொன்னாள் என்பதோடு நிறுத்தவில்லை. பாட்டி சொன்னது பலிக்கிறதா என்று மாட்டையே கேட்டார்கள்.

ஒரு இடைச்செருகல். நாம் 'மாட்டாஸ்பத்திரி', 'மாட்டு டாக்டர்' என்கிறோம். உண்மையில் இந்த நாட்டில் ஆங்கில முறைக் கால்நடை வைத்தியம் மாட்டுக்காக வரவில்லை, படைக் குதிரைக்காக வந்தது. வில்லியம் மூர்கிராஃப்ட் 1808இல் வந்து இறங்கியது கம்பெனியின் குதிரைப் பண்ணையைக் கவனிக்கத்தான். நல்ல குதிரை தேடி மத்திய ஆசியா வரை போய் அங்கேயே 1825இல் இறந்தார். நம்ம ஓசூர்க் கால்நடைப் பண்ணையும் 1824இல் படைக்குக் குதிரை தயார் செய்ய ஆரம்பித்ததுதான். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல், சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்குப் போனது. அங்கே படித்து வந்தவர்கள்தான் ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளில் உட்கார்ந்தார்கள். செங்கல்பட்டிலும் ஒன்று இருந்தது.

அந்தச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் நாங்கள் போகவில்லை.

முதல் தடவைக்கு அடுத்த வருடம், மாசி மாதம். ராத்திரி ராணிக்கு மறுபடியும் அதே வலி. பெரியப்பா சவாரி போன இடத்தில் யாரோ செங்கல்பட்டு ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் நின்று, "செங்கல்பட்டுக்கு ஆள் அனுப்பலாமா, இல்லே வைத்தியரையே கூப்பிடலாமா?" என்று பொதுவாகக் கேட்டார். பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான்தான், "போன தடவை வைத்தியர்தானே பெரியப்பா எழுப்பினாரு?" என்றேன். சொன்னதோடு இல்லை. அவர் வீட்டுக்கு வயல் வரப்பில் ஓடியவனும் நானே. பத்து வயதுப் பையன் சொல்லையா பெரியவர்கள் கேட்டார்கள் என்று என் மனைவி சமாதானம் சொல்வாள். கேட்டார்களோ இல்லையோ, நான் சொன்னேன்.

வைத்தியர் வந்தார். காதைக் கீறினார். எழவில்லை. சூடு போட்டார். எழவில்லை. இன்னும் ஒரு சூடு, இன்னும் ஒரு சூடு. முகக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஆகவே நான் அதன் முகத்துக்கு நேரே நின்றேன். விடியும்போது ராணி செத்துப்போனது. பெரியப்பா அதற்குப் பிறகு குதிரை வாங்கவில்லை. வண்டியை விற்றுவிட்டு ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போனார். வைத்தியரைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதில்லை. நானும் பேசப் போவதில்லை. அவர் ஏமாற்றவில்லை. தெரிந்ததைச் செய்தார், காசும் வாங்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். முதல் தடவை வந்தது வாயு வலியாக இருக்கும், அது பெரும்பாலும் தானாகவே விடும், சூடு போட்டாலும் போடாவிட்டாலும் ராணி எழுந்திருக்கும் என்றார். இரண்டாவது தடவை குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும். "அந்தக் காலத்தில் செங்கல்பட்டிலிருந்து டாக்டர் வந்திருந்தாலும் பிழைத்திருக்காது சார்" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். நான் வீட்டுக்கு நடந்து வரும்போது வேறு ஒன்று தோன்றியது. பிழைத்திருக்காதுதான். ஆனால் அத்தனை சூடு இல்லாமல் செத்திருக்கும்.

குதிரை வலியைக் கத்திச் சொல்லாது. புலிக்குப் பயந்து வாழ்ந்த மிருகம், வலியை மறைக்கத்தான் அதற்குத் தெரியும். 2014இல் சில ஆய்வாளர்கள் குதிரையின் முகத்தைப் படம் பிடித்து, வலியை எப்படிக் கண்டுகொள்வது என்று ஒரு அளவுகோல் செய்தார்கள். காது விறைத்துப் பின்னால் போகும். இமை இறுகும். கண்ணுக்கு மேலே தசை எழும்பும். தாடை இறுகும். வாய் இறுகி மோவாய் துருத்தும். மூக்குத் துளை விரிந்து நிற்கும். மொத்தம் ஆறு. பேத்தியின் லேப்டாப்பில் அந்தப் படங்களைப் பார்த்தேன். ஆறையும் நான் அன்றே பார்த்திருக்கிறேன், கையில் கயிற்றோடு. என்னவென்று அப்போது தெரியவில்லை.

என் மாணவிக்கு: ஊசி நம் ஊரில் இல்லை அம்மா. கீறலும் சூடும் இருந்தன, சீனத்திலும் கிரேக்கத்திலும் இருந்த மாதிரியே. நீ வைக்கும் ஊசி குதிரைக்கு நோவு தராது, அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் வயிற்றுவலிக் குதிரை வந்தால் முதலில் குழாய் விட்டுப் பார், வலிக்கு மருந்து போடு, ஆபரேஷன் வேண்டுமா என்று முடிவு செய். ஊசி அப்புறம் இருக்கட்டும். இதெல்லாம் உனக்கே தெரியும். வாத்தியார் வாய் சும்மா இருக்காது.

சித்தப்பா மகனுக்கு: மீதிக் கதை இதுதான்டா. ராணியின் கழுத்தில் கட்டியிருந்த சலங்கை வார் பெரியம்மா வீட்டுப் பரணில் பித்தளை அண்டாவுக்குள் கிடந்தது, நான் 1980களில் பார்த்தேன். வீடு இடிக்கும்போது யார் எடுத்துப் போனீர்கள்? யாரிடம் இருந்தாலும் ஒரு போட்டோ எடுத்துக் கீழே போடுங்கள்.